ஏதுவை யார் சோதிப்பது?

மேல்நாட்டு எம்.பி.ஏ. படிப்பை நாடும் இளைஞர்களுக்கு ஜிமேட் தேர்வில் வெற்றி தரும் உபாயங்களை எழுதித் தருக என்பதே எனக்கு இடப்பட்ட பணி. உபாயங்கள் இல்லாமலில்லை, அவற்றையும் சொல்லத்தான் போகிறேன். ஆயினும், அத்தேர்வின் கிரிட்டிகல் ரீசனிங் வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டு யோசிக்க உட்கார்ந்தவனுக்கு, அவ்வினாக்கள் யாவற்றுக்கும் அடியில் கிடக்கும் ஒரு நிபந்தனையே மனத்தை அதிகம் உறுத்தத் தொடங்குகிறது.

1954-ல் வேறொரு பெயரோடு தொடங்கிய இத்தேர்வு, 2023-ன் இறுதியில் எடுத்த புதுக் கோலத்தில், வாக்கியப் பிழை திருத்தும் வினாக்களை அடியோடு தள்ளிவிட்டது. மொழிப் பகுதியில் எஞ்சியவை பத்தி வாசிப்பும் இந்தத் தர்க்க வினாக்களுமே. 23 வினாக்களுக்கு 45 நிமிஷம், அதாவது வினா ஒன்றுக்கு இரண்டு நிமிஷம்கூட முழுதாக இல்லை. இலக்கண விதிகளை உருப்போட்டு மதிப்பெண் சேர்த்த சாமர்த்தியத்துக்கு இனி அங்கே வேலையில்லை.

வினாவின் சொரூபத்தை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். ஒரு நிறுவனத்தில், புதிய பயிற்சி வகுப்புக்குத் தாமாகவே பெயர் கொடுத்துச் சேர்ந்த விற்பனையாளர்கள், சேராதவர்களைக் காட்டிலும் அடுத்த ஆறு மாதத்தில் மிகுதியாக விற்றார்கள். ஆகவே பயிற்சியே அவர்களுடைய விற்பனையைப் பெருக்கிற்று என்கிறார் மேலாளர். இந்த வாதத்தைப் பெரிதும் பலவீனப்படுத்துவது எது? தரப்பட்ட ஐந்து விடைகளில் ஒன்று, பயிற்சிக்கு ஆன செலவு மிகுதி என்னும். அது நிர்வாகத்துக்குப் பெரிய விஷயந்தான், ஆனால் மேலாளர் லாபத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையே! இன்னொன்று போட்டி நிறுவனத்தின் பயிற்சியைப் பேசும். வேறொன்று சிலருக்கு வகுப்பு சலிப்பூட்டியது என்னும். மற்றொன்று வாதத்தைக் கெடுப்பதுபோல் தோன்றி உள்ளூர அதற்கே வலுவூட்டும். பெயர் கொடுத்தவர்கள் வகுப்புத் தொடங்குமுன்பே மற்றவர்களைவிட அதிகம் விற்றுவந்தவர்கள் என்று சொல்லும் விடைதான் அம்பு. காரிய காரண சம்பந்தம் பேசும் வாதம் எதைக் கண்டாலும், காரணம் வேறாக இருக்கலாமோ, காரியமே காரணமாக இருக்கலாமோ, இரண்டையும் விளைவித்த மூன்றாவது ஒன்று உண்டோ என்று ஐயுறுகிறவனுக்கு இத்தகைய வினாக்களிற் பெரும்பகுதி வசப்பட்டுவிடும்.

வாதி வாய்விட்டுச் சொல்லாமல் நம்பியிருப்பது எது என்று கேட்கும் வகைக்கு ஓர் அருமையான யுக்தி உண்டு. ஐயத்துக்குரிய விடையை மறுத்துப் பார்க்க வேண்டும். மறுத்த மாத்திரத்தில் வாதம் சரிந்தால் அதுவே விடை. மறுக்கும்போது மட்டும் நிதானம் தேவை: 'எல்லோரும் வந்தனர்' என்பதற்கு மறுப்பு 'ஒருவரும் வரவில்லை' என்பதன்று, வராதவர் ஒருவராவது உண்டு என்பதே. 'எப்போதும்', 'ஒருபோதும்' போன்ற கடுஞ்சொற்களைக் கண்டதும் விலக்கிவிடு என்று போதிப்பவர்கள் பாதி உண்மையையே போதிக்கிறார்கள். பத்தியிலிருந்து நிச்சயமாகப் பெறப்படுவது எது என்னும் வினாவில் அவை ஆபத்தானவை. வாதத்தை முறிப்பது எது என்னும் வினாவிலோ, கடுஞ்சொல் பெரும்பாலும் உதவியே செய்யும்.

இனி, அந்த நிபந்தனைக்கு வருகிறேன். பத்தியில் ஆதாரமாகக் கூறப்பட்ட எதையும் ஐயுறலாகாது. அதிகமாக விற்றார்கள் என்றால் விற்றார்கள். அந்த விற்பனைக் கணக்கை எழுதியவர் யார், பயிற்சியை ஏற்பாடு செய்த அதிகாரியே எழுதிக்கொண்டாரா, திரும்பி வந்த சரக்கைக் கழித்தாரா என்று கேட்பவன், வியாபார உலகில் விவேகி எனப்படுவான். தேர்வுக் கூடத்திலோ வெளி விஷயங்களை உள்ளே கொண்டுவந்து காலத்தை விரயமாக்கியவன். வாதத்தை மதிப்பிட எதை அறிவது பயன்தரும் என்று கேட்கும் வகையும் இருக்கிறதே எனலாம். அதுவும் ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை விசாரிப்பதேயன்றி, ஆதாரத்தை விசாரிப்பதன்று.

தர்க்கம் என்றாலே இப்படித்தான் என்று சொல்வோருக்கு, மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையைச் சுட்டிக்காட்டத் தோன்றுகிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் பௌத்த அளவை நெறியில், ஏதுவின், அதாவது ஆதாரமாகக் காட்டும் காரணத்தின், போலிகள் அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாக வகுக்கப்படுகின்றன. எந்தப் பக்கமும் உறுதியாகச் சாயாத நம் பயிற்சி வகுப்பு வாதத்தை இரண்டாவதில் அடக்கலாம். முதலாவதாகிய அசித்தமோ, ஏது என்று நிறுத்தப்பட்டதே நிலைபெறாமற் போவது. தொலைவில் தெரிவது ஆவியா பனியா என்று தெளியாமலே அதைப் புகையெனக் கொண்டு, அங்கே நெருப்புண்டு என்று துணிவதும் அதன் ஒரு வகை. ஆதாரத்தின் மெய்ம்மையைச் சோதிப்பது தர்க்கத்துக்கு வெளியே நிற்கும் காரியம் என்று அந்நெறியின் ஆசிரியர்கள் கருதவில்லை. ஏதுவின் குற்றங்களின் வரிசையில் அதை முன்னே வைத்தார்கள்.

பல தேசத்தாரும் பல தொழிலாரும் எழுதும் தேர்வில் வெளி அறிவுக்கு இடந்தந்தால் நியாயம் பிறழும் என்று ஆக்ஷேபிப்பார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனாலும் என் கவலை தீரவில்லை. தேர்வை முடித்து, பட்டமும் பெற்று, நாளை பெரிய நிறுவனங்களில் அறிக்கைகளைப் படித்து முடிவெடுக்கப் போகிறவர்கள் இவர்களே. அந்த அறிக்கைகளில் பழுது இருக்குமானால், முடிவுக்குத் தாவிய அவசரத்தில் இருப்பதைவிட, முதல் வரியிலுள்ள எண்ணில் இருப்பதற்கே சாத்தியம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். தரவுகளை ஆராய்வதற்கென்றே 20 வினாக்கள் கொண்ட தனிப் பகுதி ஒன்று இப்போது அத்தேர்வில் சேர்ந்திருக்கிறது. அட்டவணைகளும் வரைபடங்களும் அங்கே நிறைய வரும். தரப்பட்ட கூற்றுகள் விடை காணப் போதுமா என்னும் பழைய வினா வகையும் கணிதப் பகுதியிலிருந்து அங்கேதான் குடிபெயர்ந்திருக்கிறது. போதுமா என்று கேட்கிறார்கள். மெய்யா என்று அங்கும் கேட்கவில்லை. இந்த அட்டவணையை நம்புவதற்குமுன் எதை விசாரிப்பீர் என்று ஒரே ஒரு வினாவை அங்கே சேர்த்தால் என்ன? அதற்கும் ஐந்து விடைகள் எழுதலாம். விற்பனையாளர்கள் தாமே தந்த கணக்கா, கிடங்கிலிருந்து சரக்கு வெளியேறிய பதிவேட்டிலிருந்து எடுத்ததா என்பது அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும்.