மூட்டுநோவு மாறினாலும் எக்கோ எடுக்க வேண்டும்

தொண்டைநோவு மாறி இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. முழங்கால் வீங்குகிறது, அது வற்றியதும் கணுக்கால் நோகிறது. பிறகு மூட்டுகள் பழையபடி ஆகிவிடும். விளையாடித் திரியும் வயதில் வரும் கால்நோவுதானே என்று எண்ணெய் தடவி விட்டுவிடுவோம். ஆனால் இது வாதக் காய்ச்சலாக இருந்தால், மூட்டை விட்டுப் போகும் நோய் இதய வால்வில் தங்கிவிடக்கூடும்.

வாதக் காய்ச்சலுக்கு முன் தொண்டையைத் தாக்குவது ஏ வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி. அதன் புரதமும் இதயத் திசுவும் சாயலில் ஒத்திருப்பதால், கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவல் சக்தி வால்வையே தாக்குகிறது. தன் உடலையே தாக்கும் நோய் என்பது இதைத்தான்.

வால்வில் இலேசான கசிவு இருந்தால் ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்காமல் போகலாம். எக்கோ எனும் இதயப் பரிசோதனையில் அது தெரியும். பிள்ளையை இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல் பூசிக் கருவியை வைப்பார்கள். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. ஈரிதழ் வால்வின் முன் இதழ் 3 மில்லிமீற்றர் தடித்திருக்கிறதா, பின்னோக்கிப் பாயும் இரத்தம் 2 சென்ரிமீற்றர் நீள்கிறதா என்று திரையில் அளப்பார்கள். வாதக் காய்ச்சல் சந்தேகம் இருந்தால், இதயத்தில் சத்தம் கேட்காவிட்டாலும் எக்கோ எடுக்கவேண்டும் என்கிறது இந்நோயை அறிய வைத்தியர்கள் பயன்படுத்தும், 2015இல் திருத்தப்பட்ட ஜோன்ஸ் அளவுகோல்.

எக்கோவின் பெறுமதியை 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கம்போடியாவில் 3,677 பாடசாலைப் பிள்ளைகளைச் சோதித்தபோது, காதால் கேட்டு 8 பேரிடமே வால்வு நோய் தெரிந்தது. எக்கோவில் 79 பேர்.

கண்டுபிடித்தால் வழியும் உண்டு. உகண்டாவில் வெளியே தெரியாத வால்வு நோயுள்ள பிள்ளைகளுக்கு நான்கு கிழமைக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டார்கள். இரண்டு ஆண்டில் நோய் முற்றியது 399 பேரில் 3 பேருக்கே. ஊசி போடாத 400 பேரில் 33 பேருக்கு.

தம்பலகாமத்துப் பெற்றோர் இதை மனதில் வைக்கவேண்டும். காய்ச்சலோடு தொண்டைநோவு வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் தொடங்கினால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். மூட்டு மாறி மாறி வீங்கினால், எக்கோவுக்குத் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டுமா என்று கேளுங்கள். ஊசி எழுதிக் கொடுத்திருந்தால், பிள்ளை சுகமாக ஓடித் திரிந்தாலும், வயலில் அறுவடை நடந்தாலும், கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள்.