சாப்பிட்டே ஆகவேண்டிய உணவுகள்: உங்கள் சொந்தப் பட்டியலைப் போடுவது எப்படி?

உங்கள் கைத்தொலைபேசியில் "பிறகு போகலாம்" என்று சேமித்துவைத்த சாப்பாட்டுக் காணொளிகள் எத்தனை? அவற்றில் உண்மையிலேயே போய்ச் சாப்பிட்டது எத்தனை?

பெரும்பாலானோருக்கு இரண்டாவது எண் ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உயர்நிலைப் பள்ளி நாள்களில் நான் அடிக்கடி போன ரோஜாக் கடை ஒன்று உண்டு. "என்னம்மா, உருளைக்கிழங்கு ரெண்டா?" என்று கேட்டுக்கொண்டே வெட்டத் தொடங்கிவிடுவார் கடைக்கார அங்கிள். வேலைக்குச் சேர்ந்த பிறகு, "அடுத்த வாரம் போவோம்" என்று பல மாதம் தள்ளிப்போட்டேன். ஒருநாள் போனால், அங்கே வேறு கடை. அங்கிள் ஓய்வுபெற்றுவிட்டார் என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

அன்று மாலைதான் என் பட்டியலைத் தொடங்கினேன்.

ஏன் இப்போதே?

1960களின் இறுதியில் சிங்கப்பூர்த் தெருக்களில் வியாபாரம் செய்துவந்த சுமார் 18,000 அங்காடிக்காரர்கள் பதிவுசெய்யப்பட்டனர். 1971 முதல் 1986 வரை அவர்களுக்காகச் சந்தைகளும் உணவங்காடி நிலையங்களும் கட்டப்பட்டன. இன்று தீவெங்கும் 110க்கும் அதிகமான நிலையங்கள் இருக்கின்றன. 2020 டிசம்பர் 16ஆம் தேதி, சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அடுப்படியில் நிற்பவர்களுக்கு வயதாகிறது. அங்காடிக்காரர்களின் இடைநிலை வயது சுமார் 60. எளிமையாகச் சொன்னால், ஏறக்குறைய பாதிப் பேர் 60ஐ ஒட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள்.

விடியற்காலையில் எழுந்து, நாள் முழுக்கச் சூட்டில் நிற்கும் வேலை அது. அதை எடுத்து நடத்த எல்லாப் பிள்ளைகளும் முன்வருவதில்லை. பல கடைகளில் சமையல் குறிப்பு எழுதிவைக்கப்படுவதும் இல்லை. எல்லாம் கையளவு, கண்ணளவு. கடை மூடினால் கைப்பக்குவமும் கூடவே போய்விடும்.

எப்படித் தொடங்குவது?

1. பத்தோடு நிறுத்துங்க. நூறு உணவுகள் எழுதினால் ஒன்றுகூடச் சாப்பிட மாட்டீர்கள். பத்து என்றால், மாதம் ஒன்று போனாலும் ஓராண்டுக்குள் முடித்துவிடலாம்.

2. உணவோடு கடையையும் எழுதுங்க. "மீ கோரெங்" என்று மட்டும் எழுதினால் எங்கும் போக மாட்டீர்கள். எந்த நிலையம், எந்தக் கடை, என்றைக்கு விடுமுறை என்பதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.

3. வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்க. "தாத்தா, சின்ன வயசுல எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். இணையத்தில் இல்லாத பதில் கிடைக்கலாம். பாட்டி வைக்கும் மீன் குழம்புக்கும் பட்டியலில் ஓர் இடம் கொடுங்கள். அதைச் சாப்பிட்டால் மட்டும் போதாது. பக்கத்தில் நின்று, அவர் போடும் ஒவ்வொரு பிடியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

4. ஒரே கேள்வியை வைத்து வரிசைப்படுத்துங்க. "அடுத்த ஆண்டும் இது இருக்குமா?" சந்தேகம் அதிகமாக இருப்பது முதலில். கடைத்தொகுதியில் புதிதாகத் திறந்த கேக் கடை காத்திருக்கும். 70 வயதுக்காரர் தனியாக நடத்தும் கடை காத்திருக்காது.

யோசனைக்கு ஐந்து

நம் சமூகத்தோடு தொடர்புள்ள, இங்கே வளர்ந்த சில உணவுகள் இதோ. பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்திய ரோஜாக்: மலாயில் "ரோஜாக்" என்றால் கலவை. வடை, உருளைக்கிழங்கு, தாவ்ஹூ, முட்டை, இறால் பலகாரம் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மிளகாயும் சேர்ந்த இனிப்பும் காரமுமான குழம்புதான் இதன் உயிர்.

மீ கோரெங்: நூடல்ஸ் சீனர்களுடையது, "கோரெங்" மலாய்ச் சொல், வாணலியைப் பிடித்தவர்கள் இந்திய முஸ்லிம்கள். தமிழ்நாட்டு உறவினர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் வீட்டில் இது இருக்காது.

சூப் துலாங்: பெயரில்தான் சூப். தட்டில் வருவது சிவந்த காரக் குழம்பில் ஊறிய ஆட்டு எலும்பு. எலும்பைத் தட்டி, உள்ளே இருக்கும் மஜ்ஜையை ஸ்ட்ராவால் உறிஞ்ச வேண்டும். பீச் ரோட்டின் கோல்டன் மைல் உணவு நிலையம் இதற்குப் பேர்போனது. வெள்ளைச் சட்டை வேண்டாம்!

மீன்தலைக் கறி: கேரளாவிலிருந்து வந்த எம். ஜே. கோமஸ் என்ற சமையல்காரர் 1949இல் இங்கே இதை அறிமுகப்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது. மீன்தலையை விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காக அதை நம்மூர்க் குழம்பில் போட்டாராம். மூன்று நான்கு பேராகப் போனால் கட்டுப்படியாகும்.

கச்சாங் பூத்தே: காகிதக் கூம்பில் சுடச்சுடக் கடலை, பருப்பு, முறுக்கு. ஒருகாலத்தில் திரையரங்கு வாசல்களில் இந்தியர்கள் விற்றார்கள். இன்று அந்தப் பழைய பாணி விற்பனையாளரைக் காண்பதே அரிது. சைவம் சாப்பிடுபவர்களுக்கும் ஏற்றது.

புறப்படுமுன்...

உணவங்காடி நிலையங்கள் துப்புரவுப் பணிக்காக அவ்வப்போது மூடப்படும். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் இணையப்பக்கத்தில் தேதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை எடுக்கும் கடைகளும் உண்டு. வீட்டில் சிடிசி பற்றுச்சீட்டு மிச்சம் இருக்கா? திட்டத்தில் சேர்ந்துள்ள கடைகளில் அதைப் பயன்படுத்தலாம்.

மதிய உணவுக் கூட்டம் அடங்கிய பிறகு போனால், கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். "அங்கிள், எத்தனை வருஷமா கடை போடுறீங்க?" என்று கேளுங்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை அனுமதியும் கேளுங்கள். சாப்பிட்ட அன்றே தேதி, ருசி, அவர் சொன்ன கதை மூன்றையும் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

என் பட்டியலில் பத்தில் ஆறு முடிந்துவிட்டது. முதல் வரியில் அந்த ரோஜாக் கடையின் பெயர் இன்னும் இருக்கிறது. அதை முடித்ததாகக் குறிக்கவும் முடியாது, அழிக்கவும் மனமில்லை.

உங்கள் பட்டியலின் முதல் வரியில் இருக்கும் கடை இன்னும் திறந்திருக்கலாம். இந்தச் சனிக்கிழமை நேரம் இருக்கா?