விலையேற்றத்தில் பிறந்த பாசச் சொல்

ஆங்கிலத்தில் ‘எண்டியர்’ என்று ஒரு சொல் உண்டு. ஒருவர் தம் குணத்தாலோ நடத்தையாலோ பிறருடைய பாசத்தைச் சம்பாதித்துக்கொள்வதை இது குறிக்கும். புதிதாக வந்த ஆசிரியை சில வாரங்களிலேயே மாணவர்களின் மனத்தில் இடம்பிடித்துவிட்டால், அவர் மாணவர்களிடம் தம்மை ‘எண்டியர்’ செய்துகொண்டார் என்பார்கள். இதை ‘அன்பு செலுத்துதல்’ என்று எண்ணி, ‘நான் அவளை எண்டியர் செய்கிறேன்’ என்பதுபோல் எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். இங்கே அன்பு நம்மிடமிருந்து போவதில்லை. நம்மை நாடி வருகிறது.

இச்சொல்லின் பூர்வீகம் வேடிக்கையானது. ‘ஆக்கு’ என்று பொருள்படும் ‘என்’ என்ற முன்னொட்டு ‘டியர்’ உடன் சேர்ந்து உண்டானது இது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தபோது விலையை உயர்த்துவது, மதிப்பைக் கூட்டுவது என்றுதான் பொருள்! 1609இல் அச்சான ஷேக்ஸ்பியரின் 31ஆவது சொனட்டிலும் மதிப்புக் கூடுவது என்ற பொருளே முந்தி நிற்கிறது. பாசம் பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது.

காரணம், ‘டியர்’ என்பதற்கே இரண்டு முகம். பழைய ஆங்கிலத்திலேயே அது விலையுயர்ந்த பொருளையும் குறித்தது, அன்புக்குரியவரையும் குறித்தது. இங்கிலாந்தில் இன்றும் விலை அதிகமென்றால் ‘டூ டியர்’ என்று சொல்வதுண்டு. ‘டார்லிங்’ இதன் பிள்ளை. தட்டுப்பாட்டைக் குறிக்கும் ‘டெர்த்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான். பொருள் கிடைக்காதபோதுதானே விலை ஏறுகிறது?

நமக்கு இது அந்நியமான எண்ணமன்று. கிடைப்பதற்கு அரியது அருமை. பெற்ற பிள்ளையும் ‘அருமை மகன்’. மலாயில் ‘மஹல்’ என்றால் விலை அதிகம் என்பது சந்தைக்குப் போகும் எல்லாருக்கும் தெரியும். பிலிப்பீன்ஸின் தகாலோக் மொழியிலோ அதே ‘மஹல்’ விலை அதிகம் என்றும் பொருள்படும், அன்பு என்றும் பொருள்படும். அங்கே காதலைச் சொல்லவும் அந்தச் சொல்தான்.

‘எண்டியர்’ உடன் குழப்பிக்கொள்ளக்கூடாத இன்னொன்று ‘இன்கிரேஷியேட்’. லத்தீன் வழியாக 17ஆம் நூற்றாண்டில் வந்த இது, ஒருவருடைய தயவுக்குள் நுழைந்துகொள்வதைக் குறிக்கும். நம் பேச்சில் சொன்னால் காக்காய் பிடிப்பது. பணியாளர் ஒருவருக்கு நற்சான்றுக் கடிதம் எழுதும்போது முதலாவதை எழுதினால் அவருக்குப் பெருமை. இரண்டாவதை எழுதிவிட்டால், பாவம், வேலை கிடைப்பது சந்தேகம்தான்.