சிதறிய கோப்புகளை ஒரு பொதியாக்குவோம்



மருதமுனை என்றதும் கைத்தறிச் சாரனும் சாரியும் நினைவுக்கு வரும். அவற்றை இணையத்தில் காட்சிக்கு வைத்து விற்றால் என்ன? அதற்கென இணையத்தளம் அமைக்கக் கற்கும் சகோதரிகளுக்காகவே இக்கட்டுரை.

படங்களைக் காட்ட ஒரு கோப்பு, விலையைக் கூட்ட ஒரு கோப்பு, ஓடர் எடுக்க ஒரு கோப்பு என்று ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் பெருகிக்கொண்டே போகும். எழுதுபவருக்கு அது வசதிதான். ஆனால், வாங்க வருபவரின் கைத்தொலைபேசி அவற்றைத் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டும். ஒன்று வந்த பிறகுதான் அடுத்து எது தேவை என்பதே அதற்குத் தெரியவரும். சிக்னல் குறைந்த இடத்தில் இருப்பவர் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்? பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். கைக்கு வந்த வியாபாரம் அத்தோடு போயிற்று!

இதற்குத்தான் 'பண்ட்லர்' எனும் பொதியாக்கி உதவுகிறது. கோப்புகளுக்கு இடையிலுள்ள தொடர்பை அறிந்து, அவற்றை ஒன்றாகக் கட்டித் தரும். டோபியஸ் கோப்பர்ஸ் என்பவர் 2012இல் தொடங்கிய 'வெப்பேக்' இவற்றுள் பெயர் பெற்றது. இலவசமானது.

எப்படி நிறுவுவது? முதலில் 'நோட் ஜேஎஸ்' மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுத்து நிறுவுங்கள். 'என்பிஎம்' எனும் கருவியும் கூடவே வந்துவிடும். பின் வேலைக்கென ஒரு கோப்புறையை உருவாக்கி, கட்டளைச் சாளரத்தில் அதனுள் சென்று 'என்பிஎம் இனிட்' என ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'பேக்கேஜ்' எனும் கோப்பு உருவாகும். அடுத்து 'என்பிஎம் இன்ஸ்டோல்' கட்டளையால் வெப்பேக், வெப்பேக் சிஎல்ஐ இரண்டையும் அதே கோப்புறைக்குள் நிறுவுங்கள்.

நீங்கள் எழுதுபவை 'எஸ்ஆர்சி' கோப்புறையில் இருக்கட்டும். முதற்கோப்பின் பெயர் 'இன்டெக்ஸ்'. இனி 'என்பிஎக்ஸ் வெப்பேக்' என்று தட்டினால், 'டிஸ்ட்' கோப்புறையில் 'மெயின்' எனும் ஒரே கோப்பு தயாராகும். இணையப்பக்கத்தில் அதை இணைத்தால் போதும்.

ஒன்றில் கவனம் தேவை. நாம் கேட்பது ஒன்றிரண்டு என்றாலும், அவற்றுக்குத் தேவையான சிறு பொதிகள் பலவும் கூடவே இறங்கும், டேட்டாவும் செலவாகும். 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' எனும் 11 வரித் துணுக்கை அதன் ஆசிரியர் நீக்கிவிட, உலகெங்கும் பலரின் வேலைகள் தடைப்பட்டன. ஆகவே தேவையற்ற எதையும் சேர்க்காதீர்கள்.

வீட்டிலுள்ள ஒரே கணினியும் பழுதாகிவிட்டால் என்ன செய்வது? எஸ்ஆர்சி கோப்புறை, பேக்கேஜ், 'பேக்கேஜ் லொக்' இம்மூன்றையும், நீங்களே எழுதிய இணையப்பக்கங்களையும் படங்களையும் அன்றன்றே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். மிகப் பெரிதான 'நோட் மொடியூல்ஸ்' கோப்புறை வேண்டாம். நோட் ஜேஎஸ் உள்ள வேறொரு கணினியில் 'என்பிஎம் சிஐ' என்று தட்டினால், பொதிகள் அதே பதிப்புகளில் திரும்ப வந்து சேரும்.

இரவு விழித்துச் செய்த வேலை ஒரு கணினியோடு போய்விடக் கூடாது. பென்டிரைவை இன்றே எடுத்து வையுங்கள், சகோதரிகளே!