இணையப் பக்கத்தில் உருள்பட்டை பிடிக்கும் இடம்

மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய புள்ளிவிவரப் படிவம் ஒன்று கைபேசியில் திருத்தமாகத் தோன்றுகின்றது. அதே படிவத்தை அலுவலகக் கணிப்பொறியில் திறந்தால் கடைசிப் பத்தியின் ஓரம் மறைந்துவிடுகின்றது. நிரப்புபவர் அதனைக் காணாமலே விடுத்து அனுப்பிவிடுதலும் உண்டு. இத்தகைய குறைக்குப் பெரும்பாலும் காரணமாவது பக்கத்தின் வலப்புறத்தே நிற்கும் உருள்பட்டையே.

இணையப் பக்கத்தின் ஒவ்வோர் உறுப்பையும் உலாவி ஒரு பெட்டியாகவே கொள்கின்றது. நடுவில் எழுத்தும் படமும் அடங்கிய உள்ளடக்கம். அதனைச் சூழ உள்ளிடைவெளி. அதற்கும் வெளியே எல்லைக்கோடு. 1996 டிசம்பரில் வெளியான முதல் சி.எஸ்.எஸ். விதிகளின்படி, 'அகலம்' என்று குறிக்கப்படுவது உள்ளடக்கத்தின் அகலம் மட்டுமேயாகும். ஆகவே அகலம் 300 பிக்சல், இருபுறமும் உள்ளிடைவெளி 20, எல்லைக்கோடு 1 எனக் கொண்டால், பெட்டி உண்மையில் 342 பிக்சல் இடத்தை அடைத்துக்கொள்ளும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பழைய பதிப்புகள் இவ்விதியினின்று விலகி, உள்ளிடைவெளியையும் கோட்டையும் அந்த 300-க்குள்ளேயே அடக்கின. 2001-இல் வந்த ஆறாம் பதிப்பு விதியைப் பின்பற்றத் தொடங்கிற்று. வேடிக்கை என்னவெனில், பழைய முறையே கணக்கிட எளிது எனக் கருதிய பலர், இன்று 'பாக்ஸ்-சைசிங்' என்னும் கட்டளையின் மூலம் அதனையே விரும்பி மேற்கொள்கின்றனர்.

இனி உருள்பட்டைக்கு வருவோம். பெட்டியில் அடங்காத அளவுக்கு உள்ளடக்கம் மிகும்போது அது தோன்றுகின்றது. அதன் இடம் எல்லைக்கோட்டுக்கும் உள்ளிடைவெளிக்கும் நடுவே. விண்டோஸ் கணிப்பொறிகளில் அதன் அகலம் பொதுவாக 15 முதல் 17 பிக்சல் வரை இருந்துவந்துள்ளது. பெட்டியின் வெளியளவும் மாறுவதில்லை, உள்ளிடைவெளியும் குறைவதில்லை. இழப்பு முழுவதும் உள்ளடக்கத்தைச் சார்ந்தது. 300 பிக்சல் இருந்த இடம் 283 ஆகிவிடும். வரிகள் முன்னரே மடியும், பத்தி நீளும். சந்தி சேர்த்து எழுதப்பட்ட நெடுஞ்சொற்கள் மிகுந்த தமிழ்ப் பக்கங்களில் இவ்விளைவு கண்ணுக்கு நன்கு புலப்படும்.

ஒரு பட்டை மற்றொரு பட்டையை அழைத்து வருதலும் உண்டு. உள்ளிடைவெளி இல்லாத 300-க்கு 200 அளவுள்ள பெட்டியில், 300 அகலமும் 220 உயரமும் கொண்ட அட்டவணையை வைப்பதாகக் கொள்க. அகலத்தில் அது மிகச்சரியாகப் பொருந்துகின்றது. எனினும் உயரம் மிகுதலால் செங்குத்துப் பட்டை தோன்றி 17 பிக்சலை எடுத்துக்கொள்கின்றது. இப்போது அகலமும் போதாமல், கீழே கிடைப்பட்டை தோன்றுகின்றது. கண்ணுக்குத் தெரியும் உயரம் 183 ஆகக் குறைகின்றது. படிவத்தின் கடைசிப் பத்தி மறைவது இங்ஙனமே.

இதனினும் விசித்திரமானது அகலத்துக்கு ஏற்ப உயரம் மாறும் படம். அதே பெட்டியில் 300-க்கு 210 அளவுள்ள படம் அடங்காது, பட்டை தோன்றும். தோன்றிய அளவில் படம் 283-க்குச் சுருங்க, அதன் உயரம் ஏறத்தாழ 198 ஆகின்றது, அடங்கிவிடுகின்றது! பட்டை தேவையில்லை என்று நீக்கினாலோ மீண்டும் அடங்காது. முடிவற்ற இச்சுழலைத் தவிர்க்கும்பொருட்டு, ஒரு கணக்கீட்டில் சேர்த்த பட்டையை அக்கணக்கீட்டிலேயே உலாவிகள் பொதுவாக நீக்குவதில்லை.

உருளும் பெட்டியின் அடிப்புறத்து உள்ளிடைவெளியைக் குறித்தும் உலாவிகளுக்குள் நெடுங்காலம் வேறுபாடு இருந்தது. குரோம் அதனை உருளும் பரப்பில் சேர்த்துக்கொண்டது. ஃபயர்பாக்ஸ் பல ஆண்டுகள் அதனை விட்டுவிட்டது. அதனால் கடைசி வரி விளிம்பை ஒட்டியே நின்றது.

கைபேசிகளில் இத்தொல்லை ஏதும் இல்லை. அங்கே உருள்பட்டை உள்ளடக்கத்தின்மீது மெல்லிய நிழல்போல் தோன்றி மறையும். இடம் எதையும் பிடிப்பதில்லை. மேக் கணிப்பொறிகளில் இம்முறை 2011-இல் புகுத்தப்பட்டது. அத்தகைய கருவியில் பக்கத்தை அமைப்பவருக்கு மேற்கூறிய குறைகள் கண்ணில் படா. அலுவலகக் கணிப்பொறியில் திறப்பவருக்கே படும்.

இதற்குப் பரிகாரமாக 'ஸ்குரோல்பார்-கட்டர்' என்னும் கட்டளை ஏற்பட்டுள்ளது. பட்டை தோன்றினாலும் தோன்றாவிடினும் அதற்குரிய இடத்தை முன்கூட்டியே இது ஒதுக்கிவைக்கின்றது; ஆதலால் பட்டை திடீரெனத் தோன்றி உள்ளடக்கத்தை நகர்த்துவதில்லை. குரோம் 2021-லும், ஃபயர்பாக்ஸ் 2022-லும், சஃபாரி 2024 டிசம்பரிலும் இதனை ஏற்றன. பழைய உலாவிகள் இதனைப் பொருட்படுத்தா. ஆகவே அட்டவணையின் அகலத்தைப் பிக்சலில் இறுக்கிக் கட்டாமல், இருக்கும் இடத்தின் விழுக்காடாகக் குறிப்பது நலம். படிவம் அமைப்போர் அதனை விநியோகிக்கும் முன்னர், பட்டை இடம்பிடிக்கும் கணிப்பொறி ஒன்றில் திறந்து வலது ஓரத்தையும் கடைசி வரியையும் பார்த்தல் வேண்டும். மேக் கணிப்பொறியில், உருள்பட்டையை எப்போதும் காட்டும்படி அமைப்பை மாற்றிக்கொண்டாலும் இச்சோதனையைச் செய்யலாம்.