வீட்டு வரி: தொகை எப்படி உருவாகிறது?

பொள்ளாச்சிச் சாலையில் கேரள எல்லையாக அமைந்த கோவிந்தாபுரம், முதலமடை கிராமப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. வீட்டுக் கடன் கேட்டு வரும் இவ்வூர் வாடிக்கையாளர்களிடம் நாம் கேட்கும் ஆவணங்களுள் வீட்டு வரி ரசீதும் ஒன்று. அதிலுள்ள தொகை எப்படி வந்தது என்பதைச் சிலரே அறிவர்.

முன்பு, வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய ஆண்டு வாடகையை மதிப்பிட்டு வரி விதித்தனர். 2011ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின் கட்டடத்தின் பரப்பளவே அடிப்படை. சதுர மீட்டருக்கான வரம்பை மாநில அரசு அறிவிக்கிறது. அதற்குள் தனது வீதத்தைப் பஞ்சாயத்துக் குழு தீர்மானிக்கிறது. பகுதி, சாலை வசதி, கூரை, தரை, கட்டடத்தின் வயது ஆகியவற்றுக்கேற்பத் தொகை ஏறும், இறங்கும். 2023 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 5 விழுக்காடு உயர்வும் உண்டு. நூலக மேல்வரி தனி. நூலகப் பக்கமே போகாதவரும் அதைச் செலுத்துகிறார்!

60 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 645 சதுர அடி வரையிலான சொந்தக் குடியிருப்புக்கு வரிவிலக்கு உண்டு. 58 சதுர மீட்டர் வீட்டின் பின்புறம் ஓர் அறை எழுப்பினால் விலக்கு போய்விடும். அதைப் பஞ்சாயத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால், பிற்பாடு கடனுக்காக வீட்டை அளக்கும்போது பதிவேட்டுப் பரப்புடன் பொருந்தாமல் விண்ணப்பம் தடைபடக்கூடும். அறை கட்டி முடிந்ததுமே பஞ்சாயத்து அலுவலகத்தில் பரப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.