உங்கள் வீட்டை வாடகைக்குக் கொடுப்பீர்களா?

தாம்பரத்தில் ரெயிலை விட்டு இறங்கி எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரு பலகை கண்ணில் படும்.

"வீடு வாடகைக்கு விடப்படும்."

சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், குரோம்பேட்டை, எங்கே போனாலும் இந்தப் பலகைதான். கதவைத் தட்டினால் வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளும் எங்கும் ஒன்றுதான்.

"எத்தனை பேர்? என்ன உத்தியோகம்? மாமிசம் சமைப்பீர்களா? விருந்தாளிகள் அடிக்கடி வருவார்களா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, அட்வான்ஸ் பணத்தையும் எண்ணி வைத்தால் சாவி கைக்கு வரும்.

சரி, ஒரு நாள் காலையில் ஐந்து பெண்கள் வீடு கேட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் உறவினர் அல்ல. ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் ஊர். ஐந்து பேரும் மன நோய்க்காகப் பல வருடம் ஆஸ்பத்திரியிலும் காப்பகத்திலும் இருந்தவர்கள். இப்போது தேறிவிட்டார்கள். மாத்திரை சாப்பிடுகிறார்கள். தனிக் குடித்தனம் போட விரும்புகிறார்கள்.

நீங்கள்தான் வீட்டுக்காரர். என்ன சொல்வீர்கள்?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. தாம்பரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில், இப்படிக் குடித்தனம் நடத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வீடு கொடுத்தவர்களும் உண்டு.

கோவளத்தில் ஒரு புதுமை

தாம்பரத்தில் பஸ் ஏறி, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போகவேண்டும். அங்கிருந்து உப்பளத்தையும் கழியையும் தாண்டினால் கோவளம். மீனவர் ஊர். மாதா கோவிலும் உண்டு, தர்காவும் உண்டு.

இந்த ஊரையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் தேர்ந்தெடுத்துத்தான் "பான்யன்" என்ற தொண்டு நிறுவனம் வீடுகளை வாடகைக்கு எடுத்தது. பான்யன் என்றால் ஆலமரம்.

இதன் கதை 1993-ம் வருடம் தொடங்குகிறது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு தோழிகள். இருவரும் அப்போது இருபது வயதைச் சற்றே தாண்டியவர்கள். சென்னைத் தெருவில், மனம் கலங்கி, கேட்பாரற்றுத் திரிந்த ஒரு பெண்ணை அவர்கள் கண்டார்கள். அவளைச் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் தேடி அலைந்தார்கள். இடம் கிடைக்கவில்லை.

"இடம் இல்லையென்றால் நாமே உண்டாக்குவோம்" என்று துணிந்தார்கள். வீடற்ற, மன நோயுள்ள பெண்களுக்காக "அடைக்கலம்" உருவாயிற்று.

அங்கே வந்து குணமான பெண்கள் ஏராளம். பெயரும் ஊரும் நினைவுக்கு வந்ததும் அவர்களை ரெயில் ஏற்றி, வடநாட்டு ஊர்களுக்குக்கூடக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு சேர்த்தார்கள்.

ஆனால் சிலருக்குப் போக வீடு இல்லை. சிலருக்கு வீடு இருந்தது; கதவு திறக்கவில்லை. "தங்கைக்குக் கல்யாணம் ஆகவேண்டும். இவள் இங்கே இருந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா?

நோய் குணமாகியும் ஆஸ்பத்திரியிலேயே கிடப்பதா? அதற்குத்தான் 2015-ம் வருடம் வழி கண்டார்கள். "ஹோம் அகெய்ன்" என்று அதற்குப் பெயர். "மறுபடியும் வீடு" என்பது பொருள்.

குழம்புச் சண்டை

இந்த வீடு ஆஸ்பத்திரி அல்ல. விடுதியும் அல்ல. தெருவோடு தெருவாக இருக்கும் சாதாரண வாடகை வீடு.

நான்கைந்து பேர் சேர்ந்து இருப்பார்கள். யாரோடு யார் இருப்பது என்பதில் அவர்கள் விருப்பத்துக்கே முதலிடம். துணைக்கு ஒரு பெண் இருப்பார். அவர் நர்சு அல்ல. பெரும்பாலும் பக்கத்துக் கிராமத்தவர். பழக்கிக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். டாக்டரிடம் போவதற்கும், மாத்திரை வாங்குவதற்கும், பாங்கியில் கணக்குத் தொடங்குவதற்கும், ஆதார் அட்டை வாங்குவதற்கும் உதவி உண்டு.

மற்றபடி எல்லா வீட்டையும் போலத்தான். ஒருவர் அரிசி களைவார். ஒருவர் மீன் வாங்கப் போவார். ஒருவர் டெலிவிஷன் முன் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். சிலர் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள். சிலரால் முடியவில்லை.

இன்று என்ன குழம்பு என்பதில் சண்டைகூட வரும். வரட்டுமே! ஆஸ்பத்திரியில் குழம்புச் சண்டைக்கு இடமே கிடையாது. மணி அடிக்கும். தட்டு வரும். அதில் இருப்பதைச் சாப்பிட வேண்டும். இருபது வருடம் இப்படிச் சாப்பிட்ட ஒருவர், "எனக்கு இன்று வற்றல் குழம்புதான் வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தால், அது நோய் தீர்ந்ததற்கு அடையாளம் என்றே நான் சொல்வேன்.

மறுபடி நோய் கூடினால்? ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தேறியதும் தங்கள் வீட்டுக்கே திரும்புவார்கள். நமக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறோமோ, அதுதான்.

தமிழ்நாட்டில் தொடங்கிய இந்த முறை இப்போது கேரளத்துக்கும் அசாமுக்கும் பரவியிருக்கிறது.

முதலில் வீடு கிடைப்பதுதான் பெரும் பாடு. "அக்கம் பக்கத்தில் என்ன சொல்வார்கள்?" என்பார்கள். "அடித்துவிட்டால்?" என்பார்கள். உண்மை என்னவென்றால், மன நோயாளிகள் பிறரை அடிப்பதைவிடப் பிறரிடம் அடிபடுவதே அதிகம். இது டாக்டர்கள் ஆராய்ந்து கண்டது. தெருவில் கல் எறியும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு ஆராய்ச்சியே தேவை இல்லை.

பின்கட்டு அறை

நான் சிறு பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீடு இருந்தது. அதன் பின்கட்டில் ஓர் அறை. வெளியே தாழ்ப்பாள். "அங்கே போகாதே" என்று எங்களை அதட்டுவார்கள். மத்தியானத்தில் ஒரு தட்டு உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் காலியாக வெளியே வரும். உள்ளே இருந்தது அந்த வீட்டு அம்மாளின் தம்பி என்று வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவருடைய முகத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்த அம்மாளைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தம்பிக்குத் தினமும் தட்டில் சோறு போட்டவர் அவர்தான். வேறு வழி இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இப்படி வழி தெரியாத குடும்பங்கள்தான் ஏர்வாடிக்குப் போயின.

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் புகழ் பெற்ற தர்கா இருக்கிறது. அங்கே போனால் மனக் கோளாறு தீரும் என்பது மக்களின் நம்பிக்கை. அதைச் சுற்றித் தனியார் சிலர் கொட்டகை போட்டு நோயாளிகளை வைத்துக்கொண்டார்கள். ஓடிவிடாதபடி காலில் சங்கிலி போட்டார்கள்.

2001-ம் வருடம் ஆகஸ்டு 6-ந் தேதி. விடியும் நேரம். ஒரு கொட்டகையில் தீப் பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

நாடே பதறியது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அனுமதி இல்லாத காப்பகங்களைச் சர்க்கார் மூடியது.

கொட்டகையை மூடலாம். அங்கிருந்தவர்கள் எங்கே போவது? அந்தக் கேள்விக்குப் பதில்தான் கோவளத்து வாடகை வீடு.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 19-வது பிரிவு என்று ஒன்று உண்டு. அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மன நோய் உள்ளவருக்கு ஊரோடு சேர்ந்து வாழ உரிமை உண்டு. குடும்பம் இல்லை, வீடு இல்லை, வீட்டார் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது. இதுதான் அந்தப் பிரிவின் சாரம்.

அதற்கு முந்திய வருடம், 2016-ல், மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்றுக்கொண்டது. மன நோயும் அதில் ஒன்று.

வாக்குரிமையும் மெல்ல வந்து சேர்ந்தது. 2019-ம் வருடத்துப் பாராளுமன்றத் தேர்தலில், சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே வாக்குச் சாவடி வைத்தார்கள். அங்கே சிகிச்சை பெறும் சுமார் 150 பேர் வாக்காளர் பட்டியலில் இடம் பெற்றிருந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியை நெடுங்காலம் நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். மருந்து மட்டும் போதாது, வேலையும் குடும்பமும் வேண்டும் என்று சொல்லி, 1984-ல் "ஸ்கார்ப்" நிறுவனத்தை அமைத்தார். 2021-ல் தம்முடைய 98-வது வயதில் காலமானார்.

வீட்டுக்கு வீடு விருந்தாளி

வெளிநாட்டில் இது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அதுவும் 700 வருடமாக!

பெல்ஜியம் நாட்டில் கீல் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஒரு மாதா கோவில். ஏர்வாடியைப் போலவே மன நோயாளிகளை அங்கே அழைத்து வருவார்கள். கோவிலில் இடம் போதவில்லை. ஊர் ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கு ஒருவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

வந்தவர்கள் குடும்பத்தோடு சாப்பிட்டார்கள். வயலில் வேலை செய்தார்கள். பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தார்கள். பலர் அங்கேயே கிழவராகி மாண்டார்கள். பிற்காலத்தில் சர்க்கார் குடும்பங்களுக்குப் படிப்பணம் கொடுத்தது. 1938-ம் வருடம் அந்த ஊர் வீடுகளில் 3,700-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

ஏர்வாடிக்கும் கீலுக்கும் நம்பிக்கை ஒன்றுதான். இங்கே சங்கிலி வந்தது. அங்கே சாப்பாட்டு மேஜையில் இன்னொரு நாற்காலி வந்தது.

மூன்று அடி மேடை

மனம் நன்றாக இருந்து உடல் ஊனமானவர்களுக்கு வாடகை வீடு எளிதில் கிடைக்கிறதா? அதுவும் இல்லை.

2015-ம் வருடம் டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு மேற்குத் தாம்பரம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் அடித்தளத்தை உயர்த்திவிடுகிறார்கள். மூன்று அடி, நான்கு அடி. வெள்ளம் உள்ளே வராது. சக்கர நாற்காலியும் உள்ளே போகாது!

சாய்வுப் பாதை போடலாமே என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று அடி மேடைக்கு முப்பத்தாறு அடி. அரை கிரவுண்டு மனைகள் பலவற்றின் நீளமே நாற்பது அடிதான். பக்கவாட்டில் மடித்து இரண்டு வரிசையாகத்தான் போடவேண்டும். வீடு கட்டும்போதே கொத்தனாரிடம் சொன்னால் சுலபம். கட்டிய பிறகு சொன்னால், "முடியாது சார்" என்பார்.

தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளுக்கும் இதே கணக்குத்தான்.

எங்கே போய்க் கேட்பது?

கோவளத்துக்குப் பக்கத்திலேயே, முட்டுக்காட்டில், பலவகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2005-ல் மத்திய சர்க்கார் தொடங்கியது. பரிசோதனை, பயிற்சி, கருவிகள் எல்லாவற்றுக்கும் அங்கே வழி உண்டு. கோட்டூர்புரத்தில் "வித்யா சாகர்" 1985 முதல் நடந்துவருகிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்காகத் தொடங்கியது. இன்று வளர்ந்தவர்களின் உரிமைக்காகவும் குரல் கொடுக்கிறது.

முதலில் வாங்க வேண்டியது அடையாள அட்டை. பஸ், ரெயில் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் அதுதான் திறவுகோல். கடும் பாதிப்பு உள்ள சில வகையினருக்கு மாதம் 2,000 ரூபாய் என்று 2023 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் உயர்த்தியது. அதற்கு முன் அது 1,500 ரூபாயாக இருந்தது. தாம்பரம் வட்டாரத்தில் ஒற்றை அறைக்கு வாடகை கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்.

வீட்டில் யாராவது தூக்கம் இல்லாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டு, சாப்பிட மறுத்து உட்கார்ந்திருக்கிறார்களா? மந்திரிக்கப் போவதா, ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று தெரியாமல் தவிக்கிறீர்களா? 2022-ம் வருடம் முதல் "டெலி மானஸ்" என்ற டெலிபோன் உதவி இருக்கிறது. நம்பர் 14416. காசு கிடையாது. பெயரைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நடு ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம்.